கம்பியில் காய்ந்த வெள்ளைச் சட்டை

நான் ஒரு பையனின் படிப்பைக் கெடுத்தவன். அவன் செய்யாத குற்றத்துக்காக அவனைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தினேன். அந்தக் குற்றத்தைச் செய்தவன் நானே என்று எனக்குத் தெரிந்தபோது, அவன் ஆம்பூரில், தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப்பில், ஆவாரம் பட்டை ஊறும் தொட்டிக்குள் முழங்கால் அளவு நீரில் நின்று தோலை மிதித்துக்கொண்டிருந்தான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஓய்வு பெற்ற வாத்தியார்கள் அனுபவம் பேசத் தொடங்கினால் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் தங்கள் பெருமையில் வந்து உட்காருவார்கள். நானும் அந்த ஜாதிதான். ஆகவே உட்கார முடியாதபடி முள்ளை முன்னாலேயே போட்டுவிட்டேன்.

போன வாரம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். இருவருமே இளைஞர்கள், பயிற்சி முடித்துப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள். நான் முன்பு தலைமையாசிரியனாக இருந்த அதே பள்ளியில் இனிப் பிள்ளைகள் எல்லோரும் நீலக் கால்சட்டையும் கறுப்புத் தோல் பூட்ஸும் போட்டு வர வேண்டும் என்று விதி கொண்டுவரப் போவதாகவும், அதற்கு என் ஆசி வேண்டும் என்றும் கேட்டீர்கள். "தோல் ஊர்ல பூட்ஸ் இல்லன்னா எப்படி சார்?" என்று உங்களில் ஒருவர் சிரித்தார். எனக்கு உடனே பதில் வரவில்லை. காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினீர்கள். காது நன்றாகத்தான் கேட்டது. பதிலை இப்போது எழுதுகிறேன்.

எனக்கு இந்தச் சீருடைக் காய்ச்சல் பிடித்தது காட்பாடி ஜங்ஷனில். பெரிய யுத்தம் முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நான் தலைமையாசிரியனாகிப் புதிது. தலை கொஞ்சம் கனம். வேலூர் போய்விட்டு ஆம்பூர் ரயிலுக்காகக் காத்திருந்தேன். பெங்களூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் எதிர் வண்டியிலிருந்து வரிசையாக இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. கொக்குக் கூட்டம் ஏரியில் இறங்கியதுபோல் இருந்தது. ஒருவன் மேல் ஒரு கறை இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. நான் கையில் இட்லிப் பொட்டலத்தோடு வாயைப் பிளந்து நின்றேன். என் ரயில் எனக்குப் பின்னால் வந்து, நின்று, புறப்பட்டுப் போயே போய்விட்டது. அடுத்த வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து விதிகளை மனதுக்குள் எழுதினேன். ரயிலைத் தவறவிட்ட நேரத்தில் எழுதிய விதிகளுக்கு என்ன யோக்கியதை இருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

எங்கள் பள்ளியின் நிர்வாகி தோல் வியாபாரம் செய்யும் ஒரு சாயபு. நல்ல மனிதர். விதியை வாசித்துக் காட்டினேன். தாடியைத் தடவிக்கொண்டார்.

"வெள்ளையா, மாஸ்டர் சாப்? நம்ம ஊர்லயா?"

"ஆமாங்க. பார்க்க எவ்வளவு அழகா இருக்கும்!"

"அழகு ஜாஸ்திதான். ஆனா இந்த ஊர்ல வெள்ளையா கீறது ரெண்டே சாமான். ஒண்ணு சுண்ணாம்பு, இன்னொண்ணு தோல்மேல போடற உப்பு. அதுவே சாயங்காலத்துக்குள்ள கலர் மாறிடும். பிள்ளைங்க எப்படி மாறாம இருப்பாங்க?"

அவர் தமாஷ் செய்வதாக நினைத்துச் சிரித்தேன். பிறகு என் பெரிய வாதத்தை எடுத்தேன். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் மற்றவர்களோடு உட்காரத் தொடங்கிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரில் முணுமுணுப்பு இருந்தது. "எல்லாரும் ஒரே வெள்ளை போட்டா, யார் எந்தத் தெருன்னு கடவுளுக்கே தெரியாது" என்றேன். சாயபு தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாக்கியத்தை நான் உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன். அதுதான் என் மேல் எனக்கு அதிகக் கோபம்.

வெள்ளை என்றால் எந்த வெள்ளையும் கூடாது. ஒரு சட்டை பால் வெள்ளை, இன்னொன்று பழுப்பு வெள்ளை என்றால் வரிசை கெட்டுவிடும் அல்லவா? வேலூர் லாங் பஜாரில் ஒரு கடையில் ஒரு குறிப்பிட்ட மில் துணி பார்த்து வைத்திருந்தேன். அதைத்தான் வாங்க வேண்டும் என்று விதித்தேன். அதை வாங்க ஒரு தகப்பன் ஒரு நாள் வேலையை விட்டு, ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, பாலாற்றைத் தாண்டி நடந்து போக வேண்டும். துணியின் விலை போகட்டும். அந்த ஒரு நாள் கூலியும் என் விதியின் விலைதான். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் மாதச் சம்பளக்காரன். வேலூர் போனால் எனக்குச் சம்பளம் போகாது, ரயில்தான் போகும்.

கடைக்காரர் எனக்குக் கமிஷன் தருகிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மனம் நொந்து போனேன். இப்போது யோசித்தால், வாங்கியிருந்தால் பேராசை என்றாவது ஒரு பேர் இருந்திருக்கும். நான் சல்லிக்காசு வாங்காமல் அத்தனை பேரையும் கஷ்டப்படுத்தினேன். அதற்கு இன்றுவரை ஒரு நல்ல பேர் கிடைக்கவில்லை.

தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்தது தொழிலாளர் தெரு. அங்கே கன்னியப்பன் என்று ஒருவர். பட்டைத் தொட்டியில் வேலை. அவர் மனைவி முனியம்மா. அவர்களுடைய ஒரே மகன் ஏழுமலை எங்கள் பள்ளியில் எட்டாவது படித்தான். அந்தத் தெருவிலிருந்து எட்டாவது வரை வந்த முதல் பையன் அவன்தான். எட்டாவதுக்கு சர்க்கார் பரீட்சை. அதில் தேறினால் வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம். தேறாவிட்டால் தொட்டி. நடுவில் வேறு வழி அவனுக்குக் கிடையாது. கன்னியப்பன் என்னை எங்கே பார்த்தாலும் துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டு, "உங்கள மாதிரி வாத்தியாரா ஆக்கிடுங்க சாமி" என்பார். என்னைவிட மூத்தவர். நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். அந்தத் தெருவில் எல்லோரிடமும் அப்படித்தான் பேசினேன். இங்கே எழுதும்போது அவர் என்று போடுவது பிற்பாடு கற்றுக்கொண்டது.

மற்ற வீடுகளில் இரண்டு சட்டை எடுத்தார்கள். கன்னியப்பன் வீட்டில் ஒன்றுதான் முடிந்தது. முனியம்மா அதைத் தினமும் சாயங்காலம் துவைத்துக் காலையில் போட்டு அனுப்புவாள்.

விதி போட்டதோடு நான் நிற்கவில்லை. துணி எப்படித் துவைக்கப்படுகிறது என்று பார்க்க அந்தத் தெருவுக்கே போனேன். சட்டைகள் வேலி மேலும் கல் மேலும் காய்ந்தன. பெண்களைக் கூட்டி வைத்துச் சுகாதாரம் பற்றிப் பேசினேன்.

முனியம்மா கூட்டத்தின் பின்னாலிருந்து கேட்டாள். "இன்னா வாத்தியாரே, வேலிமேல காயவெச்சா சட்டைக்கு சளி புடிச்சுக்குமா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதே. வேலியில் தூசி. கல்லில் காக்கை எச்சம். கம்பி கட்டி அதில் காயப்போட வேண்டும்."

"கம்பிக்கு எங்க போறது? உன் மீசையவா கட்டறது?"

மறுபடி சிரிப்பு. அந்தக் காலத்தில் எனக்கு மீசை நீளம். நான் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டு, மறுநாளே சாயபுவிடம் போய், கப்பலுக்குப் போகும் தோல் கட்டுகளை இறுக்கும் இரும்புக் கம்பியில் கழிவு கேட்டு வாங்கினேன். வீடு வீடாக நானே கொடுத்தேன். சில வீடுகளில் நானே முளை அடித்துக் கட்டினேன். ஒரு வீட்டில் என் விரலிலும் அடித்துக்கொண்டேன். விரலில் சுற்றிய துணியை வாரம் முழுவதும் பெருமையோடு எல்லோருக்கும் காட்டினேன். மிச்சக் கம்பியைப் பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் முன்மாதிரிக்காகக் கட்டி வைத்தேன். வாரா வாரம் தெருவுக்குப் போய், கம்பியில்தான் காயப்போடுகிறார்களா என்று பார்ப்பதும் வழக்கமாயிற்று.

கொஞ்ச நாளில் சட்டைகளில் கோடு விழ ஆரம்பித்தது.

மார்புக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. ஸ்கேல் வைத்து மையால் போட்டதுபோல் நேராக. முதலில் ஒருவன், பிறகு நாலைந்து பேர், பிறகு அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும். வேறு தெருப் பிள்ளை ஒருவன் மேலும் இல்லை. யார் எந்தத் தெரு என்று கடவுளுக்கே தெரியாது என்றேன் அல்லவா? இப்போது மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலே தெரிந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நான் நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ ஆபத்து வருகிறது. இது எதிர்ப்பு என்று முடிவு கட்டினேன். சீருடை பிடிக்காமல் இந்தத் தெருப் பையன்கள் கூடிப் பேசி, மைக்கூட்டையும் ஸ்கேலையும் எடுத்து, சட்டையில் கோடு போட்டுக்கொண்டு என்னைக் கேலி செய்கிறார்கள். அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் வேலை நிறுத்தம், ஊர்வலம் என்ற பேச்சு. என் பள்ளிக்கும் ஒரு கலகம் வந்துவிட்டதில் உள்ளூர எனக்குக் கொஞ்சம் கௌரவம்கூட இருந்தது.

கலகத்துக்குத் தலைவன் வேண்டுமே. யார் சட்டையில் கோடு அதிகக் கறுப்பு? ஏழுமலையின் சட்டையில். மற்றப் பையன்களுடையது சாம்பல் நிறம். இவனுடையது அட்டைக் கறுப்பு. வேறு சாட்சி எதற்கு?

"யார் போட்டது?" என்று கேட்டேன்.

"யாரும் போடல சார்."

"நீ போட்டாயா?"

"நான் போடல சார். தானா வந்தது."

"தானாக வருமா? சட்டையே போட்டுக்கொண்டதா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. என் ஹாஸ்யம் எடுபட்டதில் எனக்குத் திருப்தி. ஒப்புக்கொள்ளும்வரை பள்ளிக்கு வர வேண்டாம் என்று அவனை அனுப்பினேன். மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு அடி. அது அந்தக் காலத்தில் ஒரு மன்னிப்பு மாதிரி.

மறுநாள் கன்னியப்பன் வந்தார். கையெல்லாம் பட்டைச் சாறு ஏறிப் பழுப்பாக இருந்தது. வராந்தா படியில் ஏறாமல் கீழேயே நின்றார்.

"சாமி, அவன் செய்யலீங்க. கம்பில காயப்போட்டாத்தான் வருதுங்க. என் பொஞ்சாதி சோப்பு போட்டுத் தேய்ச்சுப் பாத்தா. போவல."

நான் அவருக்கு ஒரு பாடம் நடத்தினேன். "இரும்பில் இருந்து வந்தால் அது துரு. துரு செம்மண் நிறமாக இருக்கும். இது கறுப்பு. கறுப்பாக வருவது மை. எனக்குத் தெரியாததா?"

"தெரியும் சாமி. உங்களுக்குத் தெரியாததா" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னார். "பரீச்சைக்குப் பேர் குடுக்கணுமாமே. அத மட்டும் குடுத்துடுங்க. சட்டைக்கு என்னிய அடிச்சுடுங்க."

"ஒப்புக்கொள்ளட்டும். அன்றைக்கே பெயர் கொடுக்கிறேன்."

"செய்யாதத எப்படிச் செஞ்சேன்னு சொல்லுவான் சாமி?"

நல்ல கேள்வி. நான் ஒழுக்கம் என்ற சொல்லை உபயோகித்துப் பதில் சொன்னேன். அந்தச் சொல்லை உபயோகித்தால் யாரும் மேலே கேட்பதில்லை. வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். பெயர் கொடுக்கும் நாள் வந்தது. ஏழுமலை வந்து ஒப்புக்கொள்வான் என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். அவன் வரவில்லை. அவன் பெயர் இல்லாமல் தபாலில் சேர்த்தேன். பிடிவாதக்காரன் என்று வீட்டில் சொன்னேன்.

இங்கே என் மைத் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பள்ளிக்கு வேண்டிய மையை நாங்களே காய்ச்சுவோம். கடுக்காயை இடித்து ஊறவைத்துக் கொதிக்கவைத்தால் மஞ்சள் பழுப்பாக ஒரு சாறு வரும். அதில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைப் போட்டால் நொடியில் கறுத்து மையாகிவிடும். இதை நான் வேறு யாரிடமும் விடமாட்டேன். பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, மந்திரவாதி மாதிரி உப்பைப் போட்டு, "பார்த்தீர்களா, இரும்பு சேர்ந்ததும் கறுப்பு!" என்பேன். வருஷா வருஷம் இதையே சொன்னேன். இதைச் சொன்ன வாயால்தான் கன்னியப்பனுக்குத் துருவின் நிறம் சொன்னேன்.

பெயர் அனுப்பிச் சில வாரம் கழித்து மை தீர்ந்தது. சனிக்கிழமை சாறு காய்ச்சினேன். உப்பைத் திங்களன்று பிள்ளைகள் முன்னால் போடலாம் என்று வைத்திருந்தேன். இறக்கும்போது சாறு என் வேட்டியில் கொட்டிவிட்டது. கிணற்றடியில் அலசி, பின்கட்டில் இருந்த என் முன்மாதிரிக் கம்பியில் காயப்போட்டுவிட்டு, மாற்று வேட்டியோடு வீடு போனேன். திங்கட்கிழமை காலை அதை எடுத்து, பார்க்காமலே கட்டிக்கொண்டு பிரார்த்தனைக்குப் போய் நின்றேன்.

பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். குனிந்து பார்த்தேன். முழங்காலுக்கு மேலே, குறுக்கே, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு கறுப்புக் கோடு.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கூப்பாடு போட்டேன். "தலைமையாசிரியர் வேட்டியிலேயே கோடு போட்டவன் யார்?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் அவருக்கு ஒரு சால்வை போர்த்துவேன்.

"வேட்டியே போட்டுக்கிச்சு சார்."

பள்ளிக்கூடமே வெடித்துச் சிரித்தது. நான் பிரம்பை எடுக்க என் அறைக்கு ஓடினேன். பிரம்பு மேஜை மேல் இருந்தது. பக்கத்தில் கடுக்காய்ச் சாறுப் பானை. பானைக்குப் பக்கத்தில் அன்னபேதிப் பொட்டலம். பிரம்பில் கை வைத்தேன், எடுக்கவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே சிரிப்பு ஓய்ந்து, நான் ஏன் வரவில்லை என்று பையன்கள் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஒடுகத்தூர்ப் பக்கத்து மலையடியிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் பட்டையும் கடுக்காயும் அந்தத் தெருவின் பின்னால்தான் ஊறுகின்றன. தெருக் கிணற்றில் தண்ணீர் தேநீர் நிறம். பார்த்திருக்கிறேன், அசுத்தம் என்று முகம் சுளித்திருக்கிறேன். அந்தக் கிணறு பாதி மைக்கூடு. மீதிப் பாதியை நான்தான் கம்பியாக வீடு வீடாய்க் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழுமலையின் கோடு எல்லாரையும்விடக் கறுப்பாக இருந்ததற்குக் காரணம், அவனுக்கு இருந்தது ஒரே சட்டை. தினமும் துவைத்து, தினமும் நான் சொன்ன கம்பியில் போட்டார்கள். அந்தத் தெருவில் என் பேச்சை முழுதாகக் கேட்ட வீடு அதுதான். அதைத்தான் நான் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

கோடு விழுந்த வேட்டியோடேயே தோல் ஷாப்புக்குப் போனேன். ஏழுமலை தொட்டிக்குள் நின்று மிதித்துக்கொண்டிருந்தான். என் வேட்டியைப் பார்த்தான். வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிப்பை மறைக்கவா, என்னைப் பார்க்கப் பிடிக்காமலா, தெரியவில்லை.

"ஏழுமலை, நீ செய்யலைன்னு தெரிஞ்சுபோச்சுப்பா."

"எனக்கு அப்பவே தெரியும் சார்" என்றான்.

அன்றே வேலூருக்குப் போய்ப் பரீட்சை அதிகாரியிடம் முறையிட்டேன். பெயர் சேர்க்கும் நாள் முடிந்துவிட்டது என்றார். தவறு என்னுடையது, பையனுடையது அல்ல என்று முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "துணி காயும் கம்பியைக் காரணம் காட்டி வந்த முதல் தலைமையாசிரியர் நீங்கள்தான்" என்றார். அடுத்த வருஷம் எழுதட்டும் என்று அனுப்பிவிட்டார்.

தெருவுக்கு வந்து அதைச் சொன்னேன். முனியம்மா பேசினாள்.

"அடுத்த வருசமா? அதுவரைக்கும் சும்மா குந்தவெச்சு சோறு போடறதுக்கு இது இன்னா சத்திரமா? மேஸ்திரிகிட்ட வார்த்த குடுத்து சேத்து வுட்டாச்சு. அவனுக்குப் பதிலா நீ வந்து தொட்டில மிதிக்கிறியா வாத்தியாரே?"

மிதிக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் உள்ளே போய்க் கம்பியைச் சுருட்டி எடுத்துவந்து என் காலடியில் போட்டாள். "இந்தா, உன் சொத்து. எடுத்துக்கினு போ." அதற்குள் மற்ற வீட்டுப் பெண்களும் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். தோளில் கம்பிச் சுருள்களோடு நான் கடைத்தெரு வழியாகத் திரும்பி வந்தேன். பழைய இரும்பு வியாபாரி ஒருவன் என்னை நிறுத்தி விலை கேட்டான்.

பரிகாரம் செய்ய வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டது. வேகமாக நல்லது செய்கிறவனைக் கண்டால் நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். நான் மறுவாரமே ஒரு புது விதி போட்டேன்: வெள்ளை ரத்து, இனிமேல் கறை தெரியாத காக்கி.

விதி ஒட்டிய மறுநாள் காலை பள்ளி வாசலில் தாய்மார்கள் கூட்டம். இந்த முறை எல்லாத் தெருவிலிருந்தும். ஒரு வகையில் நான் ஆசைப்பட்ட சமத்துவம் அன்றைக்குத்தான் வந்தது.

"வெள்ளைக்கு அடகு வெச்ச கம்மல இன்னும் மீக்கல. இப்ப காக்கிக்கு எத விக்கறது?" என்று ஒருத்தி. "லாங் பஜார்க்காரன் உனக்கு மாமனா மச்சானா?" என்று இன்னொருத்தி. முதல் விதியின் விலையைப் பார்க்காமல் இரண்டாவது விதி போட்டிருந்தேன். என் குற்ற உணர்ச்சிக்கும் அவர்களே துணி எடுக்க வேண்டியிருந்தது.

சத்தம் கேட்டு சாயபு வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "இன்னா மாஸ்டர் சாப், இவ்ளோ பேஜார் எதுக்கு? எங்க வேட்டிங்க எல்லாம் எப்படி ஆச்சோ அப்படி ஆக்கிடுங்க. பட்டைத் தண்ணில முக்குங்க எல்லாத்தையும். ஒரே கலர் வந்துடும்."

அப்படியே செய்தோம். ஊர்ப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் மூட்டையாகத் தோல் ஷாப்புக்குப் போயின. பட்டைச் சாரம் குறைந்த பழந்தொட்டி ஒன்றை சாயபு ஒதுக்கிக் கொடுத்தார். முக்கி எடுத்தது ஏழுமலை. அந்த வேலைக்கு அவனைப் போட்டது மேஸ்திரி. என் ஏற்பாடு இல்லை. ஒரே கலர் வரவில்லை. ஒன்று தேன் நிறம், ஒன்று வெல்ல நிறம், ஒன்று நனைந்த மண் நிறம். ஆனால் சட்டைக் கோடுகள் அந்தப் பழுப்பில் அமுங்கிவிட்டன, யார் எந்தத் தெரு என்று உண்மையாகவே தெரியவில்லை. என் வேட்டியையும் கொடுத்தேன். எல்லாம் பழுப்பாகி வந்தது, கோட்டைத் தவிர. கெட்டிச் சாற்றில் விழுந்த அது இன்னும் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. அதைக் கிழியும்வரை பள்ளிக்குக் கட்டிப் போனேன். பணிவினால் அல்ல, நல்ல வேட்டி.

ஏழுமலைக்கு நானே பாடம் சொல்லித் தருவதென்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை தோல் ஷாப்புக்கு விடுமுறை. வெள்ளிதோறும் காலையில், பள்ளிக்கு முன்னால், அவன் வீட்டுக்குப் போனேன். தனியாகப் பரீட்சை எழுதட்டும் என்று கணக்கு, பூகோளம், இலக்கணம். முனியம்மா எனக்கு மோர் கொடுக்க ஆரம்பித்தாள், கேலியை நிறுத்தவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. அவன் சுண்ணாம்பில் வெடித்த விரல்களால் பென்சிலைப் பிடித்து எழுதுவான். பல நாள் எழுதிக்கொண்டே தூங்கிவிடுவான். நான் எழுப்புவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் வாசலிலேயே நின்றான்.

"சார், இனிமே நீங்க வராதீங்க."

"ஏம்ப்பா? இன்னும் கொஞ்ச மாசம்தானே?"

"வாரத்துல ஒரு நாள்தான் லீவு சார். தூங்கணும்."

கோபமில்லாமல் சொன்னான். மோர் குடிக்காமல் திரும்பினேன். அவன் பரீட்சை எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்று உங்கள் பள்ளியில் உங்களுக்கு மூத்த ஆசிரியராக இருந்திருப்பான். இந்தக் கடிதத்தையே அவன் எழுதியிருக்கலாம், சுருக்கமாக எழுதியிருப்பான்.

பழுப்புச் சட்டைகள் கிழிந்ததும் சீருடையும் தானாக மறைந்தது. நான் ஓய்வு பெற இருந்த வருஷம் ஏழுமலை தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தான். அப்போது அவன் தோல் ஷாப்பில் மேஸ்திரி. பையனைச் சேர்த்துக்கொண்டேன்.

"என்ன கலர் சார் போடணும்?" என்று கேட்டான்.

"வீட்டுல எது இருக்கோ அது போதும்ப்பா. விதி ஒண்ணும் கிடையாது."

தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாள் பையன் வெள்ளைச் சட்டையில் வந்தான். புதுசு, மடிப்புக் கலையாதது. துணியைத் தொட்டதும் தெரிந்தது, லாங் பஜார்.

"எதுக்கு ஏழுமலை? நான்தான் வேண்டாம்னு சொன்னேனே?"

"இருக்கட்டும் சார்" என்றான். "அப்புறம் உங்களுக்கு மனசு மாறிட்டா?" பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிறவன் மாதிரி, "கயித்துலதான் சார் காயப்போடறோம்" என்றான்.

ஆசி கேட்டீர்கள். இந்த ஊர்த் தோல் கப்பலேறி வெளிநாடு போகிறது. இந்த ஊர்க் காலுக்கு வருவதில்லை. பூட்ஸ் வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோதான் வர வேண்டும். யார் போய் வாங்குவார்கள், அன்றைக்கு அவர்கள் வேலை என்ன ஆகும், கால் வளர்ந்தால் என்ன செய்வார்கள் என்று தெருத்தெருவாய்க் கேட்டுவிட்டு வாருங்கள். கேட்கும்போது நீங்கள் பேசாதீர்கள்.

ஏழுமலை வீட்டுக்குப் போய்க் கேட்பதில் மட்டும் பயனில்லை. அவன் மகன் இப்போது உங்கள் பள்ளியில்தான் படிக்கிறான். பூட்ஸ் என்று நீங்கள் சொன்னால் ஏழுமலை மறுநாளே வாங்கிவிடுவான். ஏன் என்று உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.